அடுத்தவர் வசனம்

"என் உதடு எனக்குத் துரோகம் பண்ணுது லூர்து," என்றார் குலசேகரன்.

"முதல்ல அந்த இன்னொரு செருப்பையும் கழட்டிட்டு வாங்க அண்ணே," என்றார் லூர்து.

குலசேகரன் குனிந்து பார்த்தார். ஒரு செருப்பு வாசலில் கிடந்தது. இன்னொன்று காலோடு கூடத்துக்குள் வந்திருந்தது. அவ்வளவு பதற்றம்.

சாலிகிராமத்தில் ஒரு மாவு மில்லுக்கு மேல் மாடியில் லூர்து குடியிருந்தார். கூடத்தில் நடிப்புக் கற்றுக்கொடுப்பார். சினிமாவுக்கு வரும் புதுமுகங்கள் அவரை 'மிஸ்' என்பார்கள். கீழே மில் ஓடினால் மேலே தரை அதிரும், டம்ளர் நகரும். இடத்தை மாற்றக்கூடாதா என்று யாராவது கேட்டால், "இங்க பேசணும்னா கத்தணும். கத்தணும்னா ஜனங்க கொஞ்சம் யோசிக்கிறாங்க," என்பார்.

குலசேகரன் அவருக்கு மூத்தவர். அது மட்டுமா, ஒரு காலத்தில் அவர்தான் லூர்துவுக்கு வாத்தியார். அவருடைய நாடகக் குழுவில் லூர்து பல வருஷம் கதாநாயகியாக இருந்தவர். வாத்தியார் தன் மாணவியிடம் பாடம் கேட்க மாடி ஏறுவது லேசான காரியம் இல்லை. மூட்டுவலி வேறு.

"உதடு என்ன பண்ணுச்சு?" என்றார் லூர்து.

"நான் பேசாதப்ப பேசுது."

"எப்ப?"

"மகளா நடிக்கிற பொண்ணு பேசும்போது. அவ வசனத்தை என் உதடு சொல்லுது. சத்தம் வராது. ஆனா சொல்லுது."

லூர்து அடுக்களைப் பக்கம் திரும்பினார்.

"காபி போடட்டுமா?"

"வேண்டாம்மா. காபியாலதான் இந்த வினையே."

அவர் சொன்னது உண்மைதான். குலசேகரன் டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டே சாயங்காலங்களில் நாடகம் போட்டவர். எழுதுவார், இயக்குவார், முக்கிய வேஷத்தையும் அவரே கட்டிக்கொள்வார். பந்தியில் பரிமாறுகிறவர் தன் இலையை மறப்பாரா? அவர் எழுதிய 'இரண்டாவது டம்ளர்' அவர் பேரை ஊரெல்லாம் கொண்டுபோனது. மனைவியை இழந்த ஒரு அப்பா. பக்கத்துத் தெருவில் வாழ்க்கைப்பட்ட மகள். தினமும் காலையில் அப்பா இரண்டு டம்ளரில் காபி ஆற்றி வைப்பார், மகள் வந்து ஒன்றைக் குடிப்பாள். கடைசிக் காட்சியில் மகள் சொல்லுவாள்: "நான் இனிமே வரமாட்டேன்ப்பா."

அப்பா அவளை நிமிர்ந்து பார்க்காமல் சொல்லுவார்: "காபி ஆறுது. குடிச்சிட்டுப் போ."

திரை விழும். சபாவே எழுந்து நிற்கும். முன்வரிசை மாமிகள் மூக்கைச் சிந்துவார்கள்.

அந்தப் பேரை வைத்துத்தான் அவர் சினிமாவுக்குப் போனார். வசனம் எழுதினார். நடுநடுவே கதாநாயகிக்குச் சித்தப்பா, கல்யாண மண்டப மேனேஜர், கோயில் தர்மகர்த்தா என்று ஓரமாக வந்துபோனார். ஓரத்தில் நிற்கிறவர் உதட்டைக் கேமரா பார்ப்பதில்லை. அவரும் கவலைப்படவில்லை.

இப்போதுதான், தலை முழுக்க நரைத்த பிறகு, அந்த நாடகம் சினிமாவாகிறது. அப்பா வேஷம் அவருக்கு. முதல் முறையாக முழுப் படத்தையும் அவர் முகம் தாங்க வேண்டும். இளம்பரிதி என்று ஒரு இளைஞர் இயக்குகிறார். சோதனைக்காக ஒரு காட்சி எடுத்துப் பார்த்தார்கள்.

"அந்தத் தம்பி என்ன சொன்னான் தெரியுமா?" என்றார் குலசேகரன். "சார், நீங்க பேசும்போது அருமை. ஆனா அவங்க பேசும்போதும் நீங்கதான் பேசறீங்கன்னான். மானிட்டர்ல காட்டினான் பாரு, எனக்கு உசிரே போயிடுச்சு. மாடு அசை போடற மாதிரி."

"அப்புறம்?"

"வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள ஒரு வீடியோ அனுப்பணுமாம். போன்ல எடுத்தா போதும். மக பேசணும், என் முகம் மட்டும் தெரியணும், உதடு அசையக்கூடாது. இல்லன்னா..."

"இல்லன்னா?"

"இன்னொருத்தரைப் பார்த்து வெச்சிருக்காங்க. சட்டைக்கு அளவுகூட எடுத்தாச்சாம்." அவர் தன் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டார். "அவரு என் அப்பா லூர்து. நான் பெத்த அப்பா. அவரை இன்னொருத்தன் தூக்கிட்டுப் போகறதை நான் உக்காந்து பார்க்கணுமா?"

கீழே மில் ஓட ஆரம்பித்தது. தரை அதிர்ந்தது.

"இத்தனை வருஷம் மேடையில போட்டேனே, ஒருத்தர்கூடச் சொன்னதில்லையே!" என்று கத்தினார் குலசேகரன்.

"மேடையில அப்பா வெத்தலை போட்டுக்கிட்டே இருப்பாரே அண்ணே," என்று லூர்துவும் கத்தினார்.

"ஆமா. பத்திரிகையில எல்லாம் பாராட்டினாங்க. என்ன நுணுக்கமான நடிப்புன்னு."

"அந்த வெத்தலை யாரு யோசனை?"

குலசேகரன் யோசித்தார். "உன் யோசனைதான்."

"ஏன் சொன்னேன்னு நினைச்சீங்க?"

மில் நின்றது. குலசேகரனும் நின்றுபோனார்.

"உனக்கு அப்பவே தெரியுமா?"

"நான்தானே எதிர்ல நிப்பேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"சொன்னேன். 'ரொம்ப நல்ல பாயின்ட்டு'ன்னு சொல்லிட்டு லைட்டைப் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டீங்க."

அவர் முகம் சுருங்கிவிட்டது. அதைச் சமாளிக்க, பழைய நாளை இழுத்தார்.

"அதெல்லாம் ஒரு காலம். இரு, உனக்கு ஞாபகம் இருக்கா? நீ குழுவை விட்டுப் போன அன்னைக்கு, மதுரையில மேக்கப் ரூம்ல வந்து நின்னுக்கிட்டு, 'நான் இனிமே வரமாட்டேன் அண்ணே'ன்னு சொன்னியே. நான் எண்ணெய் போட்டு மேக்கப் கலைச்சுக்கிட்டிருந்தேன். திரும்பாமலே, 'காபி ஆறுது, குடிச்சிட்டுப் போ'ன்னேன். ரூமே கைதட்டுச்சே! போன வாரம்கூட ஒரு பேட்டியில சொன்னேன்."

"பார்த்தேன்."

"நல்லா சொன்னேனா?"

"நல்லா சொன்னீங்க," என்றார் லூர்து. "நாளைக்குக் காலையில வாங்க."

*

மறுநாள் லூர்து இரண்டு காலி டம்ளர்களை மேஜையில் வைத்தார். தன் போனை ஊறுகாய் ஜாடியில் சாய்த்து, குலசேகரன் முகம் மட்டும் தெரியும்படி திருப்பினார். மகள் வசனத்தை அவரே சொன்னார். குழுவில் இருந்தபோது அந்த வேஷம் அவருடையதுதான்.

"நான் இனிமே வரமாட்டேன்ப்பா."

குலசேகரன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

போனில் பார்த்தார்கள். உதடு அழகாக, ஓர் எழுத்து விடாமல், சொல்லிக்கொண்டிருந்தது.

"வெத்தலையே போட்டுக்கட்டுமா?" என்றார் குலசேகரன்.

"படத்துல வெத்தலை வேண்டாம்னு டைரக்டர் சொல்லிட்டாருன்னு நீங்கதானே சொன்னீங்க."

"உதட்டுல பசை ஏதாவது தடவிக்கிட்டா?"

"உதடு என்ன மீசையா, ஒட்டறதுக்கு?"

லூர்து ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்து, ஒரு வாய் நிரப்பிக்கொள்ளச் சொன்னார். குலசேகரன் கன்னம் உப்ப உட்கார்ந்தார். லூர்து வசனத்தை ஆரம்பித்தார். 'நான்' என்றபோது குலசேகரன் தொண்டை ஏறி இறங்கியது. 'இனிமே' என்றபோது வாயோரம் ஒழுகியது. 'வரமாட்டேன்ப்பா' முடிவதற்குள் சட்டை நனைந்துவிட்டது.

லூர்து துண்டை எடுத்துக் கொடுத்தார். சிரிக்கவில்லை. அதுதான் குலசேகரனுக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

"ஒண்ணு கேக்கட்டுமா அண்ணே?"

"கேளு."

"அந்த மக ஏன் இனிமே வரமாட்டேங்கறா?"

"எந்த மக?"

"நம்ம நாடகத்து மகதான்."

குலசேகரன் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"அது நாடகத்துல வராதே."

"ஏன் வராது?"

"அப்பா கேக்கலையே. அவர்தான் காபி ஆறுதுன்னு சொல்லிடறாரே."

"சரி, அப்பாவுக்குத் தெரியாது. எழுதினவருக்கு?"

"திரை விழுந்துடுது லூர்து. கைதட்டல் வந்துடுது. அதுக்கப்புறம் அவ ஏன் போனா, எங்க போனான்னு யார் கேக்கறாங்க?"

"நீங்க கேக்கலையா?"

"எனக்கு அதுக்கு அவசியம் வரலை," என்றார் குலசேகரன், கொஞ்சம் சூடாக. எழுத்தாளரிடம் கேட்கக்கூடாத கேள்வி என்று சில உண்டு. இது அதில் முதல் கேள்வி.

லூர்து டம்ளர்களை எடுத்து வைத்துவிட்டார்.

*

அடுத்த நாள் பாடம் கீழே நடந்தது.

"மில்லுல போய் உக்காருங்க. மாவு அரைக்க ஜனங்க வருவாங்க. யாராவது ஒருத்தர் உங்ககிட்ட பேசுவாங்க. என்ன பேசினாங்கன்னு வந்து என்கிட்ட சொல்லுங்க. அவ்வளவுதான்."

"இதுவா பாடம்?"

"இதுதான்."

குலசேகரன் போய்ப் பலகையில் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் கழித்து முகம் மலர்ந்து திரும்பி வந்தார். தலையிலும் புருவத்திலும் மாவு.

"அற்புதமான ஒரு பாத்திரம் கிடைச்சிருக்கு லூர்து! நீலப் புடவை கட்டின ஒரு அம்மா. அம்பது வயசு இருக்கும். கோதுமை டின்னை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. சார், என் வாழ்க்கையும் இந்தக் கோதுமை மாதிரிதான், யார் யாரோ அரைச்சுட்டுப் போயிட்டாங்கன்னாங்க. நான் அப்படியே ஆடிப்போயிட்டேன்."

"அப்படியா சொன்னாங்க?"

"கொஞ்சம் மெருகு ஏத்தியிருக்கேன்."

"மெருகுக்கு முன்னாடி என்ன சொன்னாங்க?"

குலசேகரன் வாயைத் திறந்தார். மூடினார். அந்த அம்மாளின் கண், புடவை, மடியிலிருந்த டின், எல்லாம் பளிச்சென்று நினைவில் இருந்தன. பேச்சு மட்டும் இல்லை.

அந்த நேரத்தில் படிக்கட்டில் தடதடவென்று சத்தம். நீலப் புடவை அம்மாள் டின்னோடு மேலே ஏறி வந்துவிட்டார்.

"எங்க அந்தப் பெரியவரு? ஏங்க, உங்களை நம்பித்தானே வெச்சிட்டுப் போனேன்!"

"என்னம்மா ஆச்சு?" என்றார் லூர்து.

"நீங்களே பாருங்க மிஸ்." அந்த அம்மாள் டின்னைத் திறந்து காட்டினார். கோதுமை மாவு அழுக்குச் சிவப்பாக இருந்தது. "எனக்கு முன்னால கேழ்வரகு ஓடிக்கிட்டிருந்துச்சு. அதுக்குப் பின்னால என் கோதுமையைப் போட்டா இப்படித்தான் ஆகும்னு யாருக்குத் தெரியாது? ஸ்கூல்ல இருந்து போன் வந்துச்சு. நான் இவர்கிட்ட, ஐயா, கேழ்வரகு முடிஞ்சதும் என்னுதைப் போட வேண்டாம்னு மில்காரர்கிட்ட சொல்லுங்க, இன்னொரு கோதுமை வந்து ஓடினப்புறம் போடட்டும், நான் பேத்தியைக் கூட்டிட்டுப் போய் வீட்டுல விட்டுட்டு வந்துடறேன்னு சொன்னேன். சரிம்மா, சரிம்மான்னு தலையை ஆட்டினாரு! நான் சொன்னதையெல்லாம் வாயால கூடவே சொல்லிக்கிட்டு வேற இருந்தாரு. நல்லா மனசுல வாங்கிக்கிட்டாருன்னு நம்பிப் போனேன்."

குலசேகரன் எழுந்து நின்றார்.

"மன்னிச்சுக்கோங்கம்மா," என்றார்.

"மன்னிச்சு என்ன பண்றது? ராத்திரி சப்பாத்தியை யார் சாப்பிடறது?" அந்த அம்மாள் டின்னை மூடினார். மூடும்போது அவரை உற்றுப் பார்த்தார். "நீங்க டிவியில வர்றவர்தானே? அதான்."

அந்த 'அதான்' குலசேகரன் நெஞ்சில் தைத்தது. லூர்து உள்ளே போய் ஒரு பாத்திரம் நிறைய வெள்ளைக் கோதுமை மாவு கொண்டுவந்து அந்த அம்மாளுக்குக் கொடுத்து அனுப்பினார். டின்னிலிருந்த சிவப்பு மாவைத் தான் வாங்கி வைத்துக்கொண்டார்.

"நான் உங்களைக் கேக்கத்தான் அனுப்பினேன் அண்ணே. எழுத இல்ல."

குலசேகரன் அன்று தலையிலிருந்த மாவைக்கூடத் தட்டாமல் படியிறங்கினார்.

*

வெள்ளிக்கிழமை காலையில் மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். உதடு அசைந்தது. மறுபடி எடுத்தார்கள். அசைந்தது. கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தார். கைக்குள்ளே அசைந்தது.

இளம்பரிதியிடமிருந்து போன் வந்தது.

"சார், நான் உங்களுக்காகத்தான் நிக்கறேன். ஆனா தயாரிப்பாளர் இன்னைக்கு முடிவு பண்ணச் சொல்றாரு. அஞ்சு மணிக்குள்ள அனுப்பிடுங்க சார்."

"அனுப்பறேன் தம்பி."

போனை வைத்தவருக்கு ஆத்திரம் பொங்கியது. அது உதட்டின் மேல் வந்த ஆத்திரம், போய் இறங்கியது லூர்து மேல்.

"ஒரு வாரமா என்ன சொல்லிக்கொடுத்த நீ? தண்ணியைக் குடுத்த. மில்லுக்கு அனுப்பின. மக ஏன் போனான்னு கேள்வி கேட்ட. நான் உனக்கு இப்படியா சொல்லிக்கொடுத்தேன்? நிக்கறது, நடக்கறது, மூச்சு எங்க விடறதுன்னு ஒண்ணொண்ணா சொல்லித் தந்தேனே!"

"தந்தீங்க."

"உன் வசனத்தை எல்லாம் நானே பேசிக் காட்டுவேனே!"

"காட்டினீங்க. எல்லாத்தையும் நீங்களே பேசினீங்க," என்றார் லூர்து.

குலசேகரன் நாற்காலியில் உட்கார்ந்தார். கோபம் போய்விட்டது. பயம் மட்டும் மிச்சம் இருந்தது. அந்த வேஷம் போனால் தன்னிடம் வேறொன்றும் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

"கடைசியா ஒரு தடவை எடுக்கலாம்," என்றார் லூர்து.

"என்ன பிரயோஜனம்?"

"காபி போட்டுட்டு வரேன்."

மத்தியான நேரம். மில்காரர் சாப்பிடப் போயிருந்தார். கூடம் அமைதியாக இருந்தது. லூர்து இரண்டு டம்ளரில் காபி கொண்டுவந்து வைத்தார். மேடையில் அந்த டம்ளர்கள் எப்போதும் காலியாகத்தான் இருக்கும். இன்றைக்கு ஆவி பறந்தது.

லூர்து போனில் வீடியோவை ஓடவிட்டு, அதை ஊறுகாய் ஜாடியில் சாய்த்தார். எதிரே வந்து நின்றார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

குலசேகரன் வழக்கம்போல் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் இனிமே வரமாட்டேன் அண்ணே."

குலசேகரனின் உதடு அதற்குள் 'வரமாட்டேன்ப்பா' என்று முடித்துவிட்டிருந்தது. காதில் விழுந்ததோ 'அண்ணே'. உதடு ஒரு பக்கம் போக, காது இன்னொரு பக்கம் போனது.

"கா..." என்று ஆரம்பித்தார் குலசேகரன்.

நிறுத்திவிட்டார்.

கைதட்ட அங்கே யாரும் இல்லை. சிரிக்கவும் ஆள் இல்லை. அவர் நிமிர்ந்தார்.

மதுரையில் அன்றைக்கு அவர் திரும்பவே இல்லை. எதிரே கண்ணாடி இருந்தது, அதிலும் தன் முகத்தைத்தான் பார்த்தார். இதைச் சொன்னபோது லூர்துவின் முகம் எப்படி இருந்தது என்று அவருக்குத் தெரியாது. இத்தனை பேட்டிகளில் சொல்லியிருக்கிறார், தெரியாமலே சொல்லியிருக்கிறார்.

இப்போது பார்த்தார். காதோரம் நரைத்திருந்தது. கண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கண்ணில் நடிப்பு இல்லை. குலசேகரனுக்கு வெட்கமாக இருந்தது.

"ஏன் லூர்து?" என்றார்.

லூர்து பக்கத்து நாற்காலியை இழுத்து மெல்ல உட்கார்ந்தார். காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இப்பக் கேக்கறீங்களா அண்ணே?"

"ஆமாம்மா."

"நெஜமாவே தெரியாதா உங்களுக்கு?"

"தெரியாது."

லூர்து ஒரு வாய் காபி குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"சொல்றேன்," என்றார்.

அவர் என்ன சொல்லப்போகிறார் என்று குலசேகரனுக்குத் தெரியவில்லை. முதல் வார்த்தைகூடத் தெரியவில்லை. கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

ஊறுகாய் ஜாடியில் சாய்ந்திருந்த போனை இரண்டு பேருமே மறந்துவிட்டிருந்தார்கள். அது அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

லூர்து பேச ஆரம்பித்தார்.

உதடு அசையவில்லை.